மீந்த சாப்பாடா, டோக்கனா, மளிகைப் பையா? ஒரு கடைத்தெரு முடிவெடுக்கும்போது

வியாபாரிகள் சங்கக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் இந்தப் பேச்சு ஒருமுறையாவது எழும்: "வருசத்துல ஒருநாள் அன்னதானம் போடுறோம், நல்லா சாப்பிட்டுப் போறாங்க. மறுநாள் அவங்களுக்கு யாரு போடுறது?" கேட்டதும் ஆளுக்கொரு யோசனை வரும். மீந்ததை அனுப்பிவிடலாம் என்பார் ஓட்டல்காரர். கடை வாசலில் ஒரு ஃபிரிட்ஜ் வைத்துவிடலாம் என்பார் செல்போன் கடைத் தம்பி. மளிகைக்கடை அண்ணாச்சி ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி என்பார். எல்லாமே நல்ல மனதிலிருந்து வருகிற யோசனைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் பசியைத் தீர்க்கிறது. சில யோசனைகள் நம் ஊரில் ஏற்கெனவே தீர்ந்துவிட்ட பசிக்கே மறுபடியும் சோறு போடுகின்றன. கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், எது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மதுரையை வைத்தே பேசுகிறேன். கீழமாசி வீதியின் மொத்த மளிகை, மாட்டுத்தாவணி, பரவைக் காய்கறிச் சந்தைகள், அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றியுள்ள மெஸ்கள், ஊர் முழுக்க இருக்கும் கல்யாண மண்டபங்கள் என்று உணவு வியாபாரத்தின் எல்லா வகையும் இங்கே இருக்கின்றன. ஏறக்குறைய 60 கடைகள் சேர்ந்த ஒரு சங்கம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

பசி எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அதே கடையில் போடுகிறார்கள். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் இரண்டு வேளை உறுதி. நகரங்களில் அம்மா உணவகம் 2013-இலிருந்து இருக்கிறது: ஒரு ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். நாட்டில் பல மாநிலங்களில் இல்லாத அடித்தளம் இது.

அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. வயிறு நிறைந்தும் உடம்பு தேறவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? தட்டில் சோறு இருக்கிறது. பருப்பு தண்ணியாக இருக்கிறது, முட்டை இல்லை, கீரையும் பழமும் எப்போதாவதுதான்.

இது ஒரு வகைப் பசி. இன்னொரு வகை, திட்டங்களின் இடுக்கில் விழுந்தவர்களுடையது. பெரியாஸ்பத்திரி என்று ஊரார் சொல்லும் இராசாசி மருத்துவமனைக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரியே சாப்பாடு கொடுத்துவிடும். கூட வந்தவருக்குக் கிடையாது. இரண்டு நாள் என்று நினைத்து வந்தவர்கள் இரண்டு வாரம் தங்க வேண்டியதாகிவிடும். கையில் இருந்த பணம் ஸ்கேனுக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்கும். இருந்தாலும் அரிசியை வாங்கி எங்கே பொங்குவது? ஆஸ்பத்திரி இருக்கும் பனகல் சாலை ஓரத்தில் ஒரு பார்சலைப் பிரித்து மூன்று பேர் சாப்பிடுவதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். வயசுக்கு மூத்த அம்மா ஒரு பிடி எடுத்துக்கொண்டு "எனக்குப் போதும்ப்பா" என்று கையை உதறிவிடுவார்.

அடுப்பு மூட்டித் தனக்கென்று சமைக்கத் தெம்பில்லாத தனிமை முதியவர்கள் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து கட்டடத்திலும் ஓட்டலிலும் வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை என்ற நிலையில் இருக்கும் கொத்தனார், சித்தாள், சுமைதூக்குபவர் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த நான்கு பேரில் யாருக்கு என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், எந்த வழி என்பது பாதி தீர்ந்துவிடும்.

அண்ணாச்சி சொன்ன அஞ்சு கிலோ அரிசியை அதனால்தான் நான் கடைசியில் வைப்பேன். மொத்தச் செலவில் பெரும்பங்கை விழுங்கிக்கொண்டு, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒன்றையே அது மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கிறது. புயல் வெள்ள நேரம் வேறு. மற்ற நாட்களுக்கு அது பொருந்தாது.

மீந்ததை அனுப்புவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், செலவும் குறைவாகத் தெரிவது இதுதான். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் மண்டபங்களிலிருந்து மீந்த உணவை எடுத்துப் பசித்தவர்களிடம் சேர்ப்பதை ஒரு முறையான வேலையாகவே செய்து காட்டியிருக்கின்றன. முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தில் அண்டா அண்டாவாக மீந்து குழியில் கொட்டப்படுவதைப் பார்த்தவர்கள் யாரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் இதை மட்டுமே நம்பித் திட்டம் போட முடியாது. முதல் காரணம் நேரம். கல்யாணப் பந்தி முடிந்து மீதி எவ்வளவு என்று தெரியும்போது பிற்பகல் மூன்று மணி. மதியப் பசிக்காரர் அதற்குள் டீயும் பன்னுமாகச் சமாளித்திருப்பார். ராத்திரி மெஸ்ஸில் மீதி தெரிவது பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் அடுக்களையில் போய் நின்றால், சோறு கால் அண்டா, சாம்பார் அடியில் கொஞ்சம், தேங்காய்ச் சட்னி புளிக்கத் தொடங்கியிருக்கும், பொரியல் காலி. அதாவது நாம் தேடுகிற பருப்பும் காயும்தான் முதலில் தீர்கின்றன. மிஞ்சுவது சோறு.

இரண்டாவது காரணம், நாள்காட்டி. ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் மிகக் குறைவு. மார்கழியில் இல்லை. வைகாசியில் ஒரே நாளில் பத்து மண்டபத்திலிருந்து அழைப்பு வரும், எடுக்க வண்டி போதாது. பசி மாதம் பார்த்து வருவதில்லை, மீதி மட்டும் முகூர்த்தம் பார்த்து வருகிறது. மண்டபத்தை நம்பி ஒரு முதியோர் இல்லத்துக்கு "இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுப்பது தவறு.

மூன்றாவது, பாதுகாப்பு. சோறு ஆறி அண்டாவிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலோ, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழோ இருக்க வேண்டும் என்பது விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மிகை உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. யார் கொடுத்தது, என்ன உணவு, யாரிடம் சேர்ந்தது என்று பதிவேடு வைக்கச் சொல்கிறது. சங்கம் தானே வண்டி எடுத்து இதில் இறங்குவதைவிட, ஏற்கெனவே பதிவும் ஆளும் பாத்திரமும் வைத்திருக்கும் அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது. மண்டபக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசிப் பந்தி முடிந்தபின் அல்ல, மூன்றாம் பந்தி ஓடும்போதே சமையல் மேஸ்திரியிடம் கேட்டுப் போன் போட்டுவிடுவது. இலையில் பரிமாறியதன் மிச்சம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வாளிக்குப் போகாமல் அண்டாவிலேயே இருப்பதுதான் எடுக்கத்தக்கது.

இந்த வழியில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. சமைக்காத மீதி. காய்கறிச் சந்தையில் விற்றுத் தீராத தக்காளி, நெளிந்த கேரட், ஓரம் வாடிய கீரை, அளவில் சிறுத்த வாழைப்பழம். சமைத்த சோற்றைப் போல இவற்றுக்கு மணிக்கணக்கில் கெடு கிடையாது. தக்காளி விலை விழுந்த நாட்களில் கூடையோடு கொட்டிவிட்டுப் போகிறார்கள். இறக்குகூலிகூடத் தேறவில்லை என்றால் விவசாயிதான் என்ன செய்வார்? காலை ஒன்பது மணிக்கு வியாபாரம் ஓய்ந்ததும் ஒருவர் தள்ளுவண்டியோடு சுற்றி வந்தால், தானே சமைக்கிற ஒரு விடுதிக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ அன்றைய குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகிவிடும். சங்கம் மீட்பு வேலையில் இறங்க விரும்பினால் கல்யாணச் சோற்றில் தொடங்காமல் இந்தக் காய்கறியில் தொடங்கட்டும். ரத்தசோகைக் கணக்குக்கு நேராகப் போய்ச் சேருவதும் இதுதான்.

வாசலில் ஃபிரிட்ஜ்

2016-இல் கொச்சி கலூரில் ஒரு உணவகம் தன் வாசலில் 'நன்ம மரம்' என்ற பெயரில் ஃபிரிட்ஜ் வைத்தது. 2017-இல் சென்னை பெசன்ட் நகரில் 'ஐயமிட்டு உண்' வந்தது. எடுப்பவர் யாரிடமும் கேட்க வேண்டாம், கொடுப்பவர் முகம் தெரிய வேண்டாம் என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நடைமுறையில் ஃபிரிட்ஜுக்கு ஒரு ஆள் வேண்டும். என்ன வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், கெட்டதா என்று காலையும் மாலையும் பார்த்துத் துடைக்கிற ஆள். மின்சாரம் போனால் கவனிக்கிற ஆள். பக்கத்துக் கடைப் பையனே பார்த்துக்கொள்வான் என்று விட்டால் அவனுக்கு வியாபார நேரத்தில் முடியாது. ஆள் போட முடிகிற கடை, வெளிச்சமான வாசல், ராத்திரியும் நடமாட்டம் உள்ள தெரு என்றால் வைக்கலாம். அதிலும் பால் பாக்கெட், ரொட்டி, பழம், தண்ணீர் பாட்டில் மாதிரியானவையோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. சமைத்த சோற்றை யார் எப்போது வைத்தது என்று தெரியாமல் அடுத்தவர் எடுத்துச் சாப்பிடுகிற நிலை எனக்குச் சம்மதமில்லை. தனிமை முதியவர் தெருமுனைவரை நடந்து வரவும் மாட்டார். அதனால் இது மற்ற வழிகளோடு துணையாக வரலாம், தனியாகப் போதாது.

டோக்கன் சாப்பாடு

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். கோழிக்கோட்டில் 2015-இல் மாவட்ட நிர்வாகமும் ஓட்டல் உரிமையாளர் சங்கமும் சேர்ந்து 'ஆபரேஷன் சுலைமானி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பசித்தவர் கிராம அலுவலகம், தாலுகா அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு கூப்பன் வாங்கிக்கொள்வார். திட்டத்தில் சேர்ந்த எந்த ஓட்டலிலும் அதைக் கொடுத்துச் சாப்பிடலாம். ஓட்டல்களில் வைத்த உண்டியலில் விழும் பணம்தான் செலவுக்கு. புது அடுக்களை கட்டவில்லை, புது ஆள் எடுக்கவில்லை. ஏற்கெனவே எரிகிற அடுப்பில் இன்னொரு படி அரிசி கூடுதலாகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

நம் கடைத்தெருவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மெஸ் சேர்கின்றன, ஒவ்வொன்றும் நாளைக்கு 3 டோக்கன் ஏற்கிறது. நாளைக்கு 36 பேர், மாதம் 1,080 சாப்பாடு. லாபத்தை விட்டுவிட்டு அடக்க விலையாக 45 ரூபாய் என்று மெஸ்காரர்கள் ஒப்புக்கொண்டால் மாதம் 48,600 ரூபாய். 60 கடை பிரித்துக்கொண்டால் கடைக்கு மாதம் 810, அதாவது நாளைக்கு 27 ரூபாய். இரண்டு டீயின் காசு. நாளைக்கு மூன்று சாப்பாடு கூடுதலாகப் பரிமாறுவதில் எந்த மெஸ்ஸுக்கும் வேலை தடுமாறாது. முப்பது பேர் ஒரே கடைக்கு வந்தால்தான் தடுமாறும், வழக்கமான வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார்கள். பிரித்துக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இதன் பெரிய பலம், சாப்பிடுபவர் வரிசையில் நிற்பதில்லை. அதே பெஞ்சு, அதே இலை, அதே தண்ணீர் டம்ளர். சாம்பார் வாளி வரும்போது "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கலாம். கல்லாவில் காசுக்குப் பதில் ஒரு அட்டையை நீட்டுகிறார். பக்கத்து இலைக்காரருக்கு எதுவும் தெரியாது. மருத்துவமனையில் மகனைச் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பாவுக்கு, சூடாக, உட்கார்ந்து, யாரும் போட்டோ எடுக்காமல் சாப்பிட்டு எழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வராந்தாவில் இரவு கழித்தவர்களுக்குத் தெரியும். போட்டோ கூடாது என்பதைச் சங்கத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

கெட்டுப்போகிற இடங்களும் இருக்கின்றன. முதலாவது, பட்டுவாடா. மெஸ்காரர் 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு அன்றன்றே பணம் கட்டுகிறார், காய்கறிக்காரருக்கும் மறுநாள் காலையில் எண்ணி வைக்கிறார். சங்கம் இரண்டு மாதம் கழித்துச் செக் கொடுத்தால் மூன்றாவது மாதம் "டோக்கன் தீர்ந்துடுச்சுங்க" என்ற பதில்தான் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை தோறும் டோக்கனை எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். முன்பணமாக ஒரு வாரத்துத் தொகை கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, யார் டோக்கன் கொடுப்பது. கடைக்காரரே கொடுத்தால் தனக்குத் தெரிந்தவருக்கே போகும். ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடை, ரேஷன் கடைக்காரர், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, கோயில், பள்ளிவாசல், சர்ச் அலுவலகங்கள் என்று ஆறேழு இடத்தில் பத்துப் பத்தாகக் கொடுத்து வைக்கலாம். ஆதாரோ சான்றிதழோ கேட்கக் கூடாது. "தண்ணி அடிச்சுட்டு வந்து தின்னுட்டுப் போவான்" என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் எழுந்து சொல்வார். டோக்கனைக் கொடுத்துச் சாராயம் வாங்க முடியாது, சோறுதான் கிடைக்கும். குடித்தவனுக்கும் வயிறு இருக்கிறது, அவன் வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் இருக்கிறது.

மூன்றாவது, அளவு. டோக்கனுக்குக் கரண்டி சிறுத்துவிட்டால் திட்டம் அன்றே செத்துப்போகும். அட்டையிலேயே எழுதிவிடலாம்: "அளவுச் சாப்பாடு, ஒரு முட்டையுடன்". முட்டை வேண்டாம் என்பவருக்குக் கூட ஒரு கிண்ணம் பருப்பு அல்லது சுண்டல். அந்த ஒரு முட்டையில் கிடைக்கும் 6 கிராம் புரதத்துக்காகவே சில ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

டோக்கன் யாருக்கு எட்டாது? படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு, தெருவுக்கு வந்து மெஸ்ஸில் உட்காரக் கூச்சப்படும் குடும்பத்துக்கு. அவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

குறைந்த விலைச் சாப்பாடு

இதற்கு நம் பக்கம் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். மதுரையில் அண்ணா பேருந்து நிலையம் பக்கம் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட ராமு தாத்தாவை இந்த ஊர் மறக்காது. 2020-இல் அவர் மறைந்தபோது ஊரே வருந்தியது. கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி சுட்டுக் கொடுத்து நாடறிந்தவரானார். சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீஸஸ் ஒரு தொழிலதிபரின் அறக்கட்டளை பலத்தில் குறைந்த விலைக்கு உணவு கொடுத்து வருகிறது. 1867-இல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

இவற்றில் ஒன்றைக் கவனித்தால் புரியும். ஒன்று, ஒரு தனி மனிதர் தன் வாழ்க்கையையே அதில் வைக்கிறார். அல்லது பின்னால் ஒரு பெரிய நிலையான அமைப்பு இருக்கிறது. 60 கடைக்காரர்கள் சேர்ந்த சங்கத்தில் இந்த இரண்டும் இல்லை. புதிதாக இடம் பிடித்து, சமையல்காரர் போட்டு, உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கி 20 ரூபாய்ச் சாப்பாடு தொடங்கினால் வாடகையும் சம்பளமுமே பாதியை எடுத்துக்கொள்ளும். அம்மா உணவகம் இருக்கும் வார்டில் அதற்குப் போட்டியாக ஒன்றைத் திறப்பதைவிட, மாநகராட்சியிடம் பேசி அங்கே கூடுதலாக என்ன கொடுக்க முடியும் என்று கேட்பது புத்திசாலித்தனம்.

மளிகைப் பையும் கடன் நோட்டும்

அரிசி இல்லாத மளிகைப் பை என்று சொல்கிறேன். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, வெல்லம், மாதத்துக்கு முப்பது முட்டை. மொத்த விலையில் வாங்கினால் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாயில் கணிசமான ஒரு பை கட்டலாம். டோக்கனுக்குச் சொன்ன அதே 48,600 ரூபாயில் 97 வீடு. ஒரு பக்கம் நாளைக்கு 36 பேருக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு, மறுபக்கம் 97 வீட்டுச் சோற்றோடு மாதம் முழுக்கப் பருப்பும் முட்டையும். எண்ணிக்கையில் பை ஜெயிக்கிறது. அடுப்பு, கேஸ், சமைக்கக் கை இந்த மூன்றும் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரியானது. இல்லாதவருக்கு அந்தப் பையால் பயனில்லை. முட்டையை மொத்தமாகக் கொடுக்காமல், தெரு மளிகைக் கடையில் வாரம் ஏழு என்று வாங்கிக்கொள்ளும்படி எழுதி வைத்தால் உடையாது, கெடாது, விற்கவும் தோன்றாது.

இந்த இடத்தில் மளிகைக்கடைக் கடன் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. நம் தெருக்களில் ஏழைக் குடும்பங்களின் கடைசி வாரத்தைக் காப்பாற்றி வந்தது எந்தத் திட்டமும் இல்லை, அந்த நீள நோட்டுதான். 'செல்வி அக்கா, 3ஆம் வீடு' என்று ஒரு பக்கம். கால் கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், ஒரு சோப்பு. சம்பளம் வந்ததும் பாதி அடைபடும், மீதி தொடரும். வட்டி கிடையாது, கையெழுத்துக்கூடக் கிடையாது. பெரிய கடைகளுக்குக் காசு வைத்திருப்பவர்கள் போய்விட, கடன் வாங்குபவர்கள் மட்டும் அண்ணாச்சியிடம் நிற்கிறார்கள். சரக்குக்கு ரொக்கம் கட்டும் அவரால் எத்தனை பேருக்கு எழுத முடியும்? மெல்ல "கடன் இல்லை" பலகை ஏறுகிறது.

சங்கம் இங்கே கைகொடுக்கலாம். சேர்கிற மளிகைக் கடைகளுக்கு ஒரு சிறு வாராக்கடன் நிதி. நோட்டில் பருப்பு, முட்டை, எண்ணெய், பால் இவற்றுக்கு மட்டும், வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வரம்பு. மூன்று மாதம் தாண்டியும் வராததில் பாதியை நிதி ஏற்கும், மீதியைக் கடைக்காரர் ஏற்பார். பாதி அவருடையது என்பதால் அவர் ஆளறிந்துதான் எழுதுவார். பெரும்பாலான குடும்பங்கள் திருப்பிக் கட்டிவிடும் என்பதால் போட்ட பணம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்குபவருக்கும் இது தானம் இல்லை, கணக்கு. வெளியில் யாரும் பேசாத வழி என்றாலும், மழைநாள் கூலிக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

கடைக்குள் இருக்கும் பசி

மேலே சொன்ன எதிலும் இறங்கும் முன் ஒவ்வொரு முதலாளியும் தன் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஓட்டலில் வேலை செய்பவருக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்கும் பெண்ணுக்கு? லோடு இறக்குபவருக்கு? மதியம் தயிர்சாத டப்பாவோடு முடித்துக்கொண்டு மாலை டீயில் ஓட்டுகிறவர்கள் நம் சம்பளப் பட்டியலிலேயே இருந்தால், தெருவுக்குச் சோறு போடுவது எப்படி நியாயமாகும்? சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, ஐந்தாம் தேதிக்குள் சம்பளம், மாதக் கடைசியில் பிடித்தமில்லாத ஒரு சிறு அட்வான்ஸ். இந்த மூன்றும் பசியைக் குறைப்பதில் எந்த அன்னதானத்துக்கும் குறைந்தவை அல்ல.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இன்னொன்று செய்யலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. சொந்த ஊரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை இருந்து, அதில் அவர்கள் ஆதார் இணைந்திருந்தால், இங்கேயே கைரேகை வைத்துத் தங்கள் பங்கு தானியத்தை வாங்கிக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கடை திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் வேலையில் இருப்பார்கள். மாதம் ஒரு அரைநாள் சம்பளத்தோடு விடுப்பு, கூடவே மொழி தெரிந்த ஒருவர். செலவு சொற்பம். நடக்க முடியாத வயசானவர்கள் விஷயத்திலும் இப்படித்தான். அவர்கள் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. தங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று விசாரிக்கக்கூட ஆளில்லாத பாட்டிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பால் போடுகிற பையனுக்கும் மளிகை கொண்டுபோகிறவருக்கும் அந்த வீடுகள் தெரியும்.

வரிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கூட்டத்தில் கேட்பார்கள். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று சொல்வது) பொருளாகக் கொடுத்ததற்குக் கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கும் கிடையாது. சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அதை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு எடுத்த உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டும். அதனால் பொருளைவிடச் சங்கத்துக்கு வங்கி வழியாகப் பணமாகக் கொடுத்து, சங்கம் விலைக்கு வாங்குவது கணக்குக்குச் சுத்தம். சலுகை வேண்டுமென்றால் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை வழியாகத்தான். உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

60 கடைக்கு நான் சொல்வது

மாதம் 48,600 ரூபாய்தான் என்றால் மொத்தத்தையும் ஒரே வழியில் போட மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் கடைத்தெரு என்றால் நாளைக்கு 24 டோக்கன், அதற்கு 32,400. மிச்சம் 16,200-இல் பத்தாயிரத்தை 20 வீட்டுப் பைக்கும், மீதியைக் கடன் நோட்டு நிதிக்கும் வைப்பேன். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை, சுற்றிலும் கூலிக் குடும்பங்கள் என்றால் இதைத் தலைகீழாக்கிவிடுவேன். டோக்கன் எட்டோ பத்தோ போதும், பையும் நோட்டும்தான் முக்கியம். காய்கறி வியாபாரிகள் பணம் தர வேண்டாம், ஒன்பது மணித் தள்ளுவண்டிக்கு வழி விட்டால் போதும். மண்டபக்காரர்கள் மேஸ்திரியின் போன் நம்பரை மீட்பு அமைப்புக்குக் கொடுக்கட்டும். ஃபிரிட்ஜை முதல் வருடம் தள்ளிவைக்கலாம்.

தொடங்கும் நாளைத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வைக்காதீர்கள். அந்த வாரங்களில் எல்லோரும் கொடுக்கிறார்கள். ஆடி முதல் வாரம் தொடங்குங்கள். மண்டபங்கள் பூட்டியிருக்கும், மீதிச் சோறு எங்கிருந்தும் வராது. அந்த மாதத்தைத் தாண்டிவிட்டால் மற்ற மாதங்களையும் தாண்டிவிடலாம். மூன்று மாதம் முடிந்ததும் டோக்கன் எந்த இடத்திலிருந்து அதிகம் வந்தது, எந்த மெஸ்ஸில் ஒன்றுகூட வரவில்லை என்று நோட்டைப் பிரித்துப் பாருங்கள். வராத மெஸ்ஸில் தவறு இருக்கலாம், அல்லது டோக்கன் தவறான கையில் கிடக்கலாம். மருந்துக்கடையில் பத்து தீர்ந்து, அலுவலகத்தில் பத்தும் மேசை இழுப்பறையில் அப்படியே இருந்தால், அடுத்த வாரமே இருபதையும் மருந்துக்கடைக்கு மாற்றிவிடுங்கள்.